கைப்பேசிக்குள் வரும் கலை: சுவர் போனாலும் நிற்குமா?

ஜோகூர்பாரு – 2013 நவம்பரில் ஜோகூர்பாருவின் ஒரு கட்டட மூலையில் சுவரோவியம் ஒன்று தோன்றியது. கைப்பையுடன் நடந்து வரும் லெகோ பொம்மைப் பெண். மூலைக்கு அப்பால் கத்தியுடன் காத்திருக்கும் திருடன். வரைந்தவர், பினாங்குச் சுவரோவியங்களால் பெயர்பெற்ற லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்கரேவிச்.

நகரின் வழிப்பறிப் பிரச்சினையைச் சுட்டிய அந்தப் படத்தை மாநகர் மன்றம் சில நாள்களிலேயே சாயம் பூசி மறைத்தது. சுவர் வெறுமையானது, படமோ கைப்பேசிகள் வழியே பரவியது. இன்றும் இணையத்தில் கிடைக்கிறது.

ஆக்மென்டட் ரியாலிட்டி எனப்படும் மிகை மெய்த் தொழில்நுட்பம் இதைவிட ஒரு படி மேலே போகிறது. கேமராவைச் சுவரை நோக்கிப் பிடித்தால், அங்கே இல்லாத உருவம் திரையில் எழுந்து அசையும். 2016இல் போக்கிமோன் கோ விளையாட்டு வந்தபோது நம் பிள்ளைகள் தெருத்தெருவாக அலைந்ததும் இதனால்தான்.

அதே ஆண்டு டிசம்பரில், கடற்பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் ஜப்பானின் டீம்லேப் குழு ஒரு காட்சியை அமைத்தது. வில்லியம் ஃபார்குவார் மலாக்காவில் அதிகாரியாக இருந்த காலத்தில் சீன ஓவியர்களைக் கொண்டு வரையவைத்த 477 இயற்கை ஓவியங்களில் 69 அங்கே உயிர்பெற்றன. பார்வையாளர்கள் செயலி மூலம் விலங்குகளைப் ‘பிடித்து’ அவற்றின் விவரங்களைத் தெரிந்துகொண்டனர். கண்ணாடிப் பேழைக்குள் இருந்தால் பிள்ளைகள் திரும்பிப் பார்க்காமல் கடந்துவிடக்கூடிய படங்கள் அவை. இது இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய பலம்.

மறுபக்கமும் உண்டு. இந்தியாவில் 2014இல் வெளியான ‘பிரியாஸ் சக்தி’ படக்கதை, பாலியல் வன்முறையை எதிர்த்து எழும் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னது. அதன் பக்கங்களும் மும்பைச் சுவரோவியங்களும் பிளிப்பார் என்ற செயலியில் அசைந்தன. அந்த நிறுவனம் 2018 டிசம்பரில் நொடித்துப்போனது. மெட்டா நிறுவனமும் கலைஞர்கள் பயன்படுத்திய தன் ஸ்பார்க் தளத்தை 2025 ஜனவரியில் மூடியது. வெளியார் உருவாக்கிய காட்சிகள் அதோடு மறைந்தன. மாநகர் மன்றம் அழித்தது ஒரு சுவரை. நிறுவனம் கதவை மூடினால் உலகமெங்கும் ஒரே நாளில் அழிகிறது. ஃபார்குவாரின் காகித ஓவியங்களோ 200 ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன.

யார் பார்க்க முடியும் என்பதும் முக்கியம். ஜோகூர்பாரு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலின் சுமார் மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகளைப் பார்க்க வெறும் கண் போதும். மிகை மெய்க் கலைக்கு நல்ல கைப்பேசியும் இணைய வசதியும் வேண்டும். தோட்டத்துப் பாட்டியிடம் இரண்டும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் இந்தத் தொழில்நுட்பத்தில் அதிகப் பயன் பெறக்கூடியவர்களும் தோட்ட மக்களே. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டன. இன்று தாமான் நிற்கும் இடத்தில் கேமராவைப் பிடித்தால் பழைய லயமும் பால்கொட்டகையும் கோயில் மரத்தடியும் எழுந்து வரச் செய்யலாம். அதற்குச் செயலி பிறகு கிடைக்கும். படம் பிறகு கிடைக்காது. அலமாரியில் கிடக்கும் பழைய புகைப்படங்களைப் படியெடுத்து, பெரியவர்களின் குரலைப் பதிவுசெய்து, ஊர், ஆண்டு, பெயர்களோடு இரண்டு மூன்று இடங்களில் நாமே பாதுகாத்து வைப்பதுதான் முதல் வேலை.