இமைமேல் கத்தி

இமை சரிந்து பார்வையை மறைக்குமாயின், அதனை அறுத்துச் சீர்செய்வதை நாம் எதிர்க்கவில்லை. போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்தியிருந்த வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, ஆடவர்க்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும், பொன் மூக்குச் செய்துகொள்ளப் பணித்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அது மருத்துவம். நலமாயுள்ள உறுப்பை அழகின் பெயரால் அறுத்து, இறைவனின் படைப்பை மாற்றுவதோ வேறு.

கொரியாவில் நடந்ததென்ன? 1954-ஆம் ஆண்டு அமெரிக்கப் படையினரோடு அங்கிருந்த மில்லார்டு என்னும் அறுவை மருத்துவர், கொரிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் இமையில் மடிப்பு உண்டாக்கினார். அவர் கண்ணில் நோயில்லை. அக்கண்ணைக் கண்ட அமெரிக்கர் அவரை நம்பவில்லை, அவ்வளவே! குறை பார்த்தவரிடம் இருக்க, அறுபட்டதோ பார்க்கப்பட்டவரின் இமை! இன்று சியோல் நகரின் கங்னம் பகுதியில் இத்தொழில் தெருத்தெருவாகச் செழிக்கிறது. பள்ளிப்படிப்பை முடித்த மகளுக்குப் பெற்றோரே இதனைப் பரிசளிக்கின்றனர்.

ஒரு மணி நேர வேலைதான் என்பர். வீக்கமும் கன்றலும் வாரக்கணக்கில் நிற்கும். தழும்பு ஆற மாதங்களாகும். கண் வறளலாம், தோலை மிகுதியாக அறுத்துவிட்டால் இமை முழுதும் மூடாது. அரிதாகக் கண்ணின் பின்னே குருதி கட்டிப் பார்வையே பறிபோவதும் உண்டு. சுவரொட்டியில் சிரிக்கும் முகம் இவற்றைச் சொல்வதில்லை. கையொப்பமிடும் தாளின் பொடியெழுத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.