காணாமப் போன பொண்ணும் கண்டுக்காத தமிழும்

"இந்தக் காலத்துப் பசங்க தமிழே படிக்கிறதில்லை"ன்னு புலம்பற பெருசுங்களைப் பாத்தா எனக்குச் செம கடுப்பு. பதினாறு வயசுக்குப் படிக்க என்னத்தய்யா எழுதி வெச்சிருக்கோம்?

அடையார்ல ப்ளஸ் ஒன் படிக்கிற அண்ணன் பொண்ணு, ஜான் கிரீனோட 'பேப்பர் டவுன்ஸ்' (2008) முடிச்சுட்டு, "சித்தப்பா, இதே மாதிரி தமிழ்ல ஒண்ணு சொல்லேன்"னு கேட்டா. முழிச்சேன்.

கதை இதான். அமெரிக்காவுல ஒர்லாண்டோ. மார்கோங்கற பொண்ணு திடீர்னு காணாமப் போறா. பக்கத்து வீட்டுப் பையன் க்வெண்டின், அவ விட்டுட்டுப் போன துப்புகளைப் பிடிச்சுத் தேடறான். தேடல் முடியற இடம் நியூயார்க் மாநிலத்து 'ஆக்லோ'. காப்பியடிக்கிறவங்களைப் பிடிக்க மேப் போட்டவங்க சும்மா எழுதி வெச்ச ஊர் அது. (நிஜ சமாச்சாரம்!) மார்கோ கிடைச்சுடறா. ஆனா அவன் மனசுல கட்டி வெச்சிருந்த மார்கோ இல்லை. இத்தனை நாள் தேடினது அவளையா, தன்னோட கற்பனையையா? அதான் நாவல்.

நம்ம ஊர்ல துப்பறியறதுக்குப் பஞ்சமில்லை. தமிழ்வாணனோட சங்கர்லால், வாத்தியார் சுஜாதாவோட கணேஷ்-வசந்த். எல்லாம் வளர்ந்த ஆம்பளைங்க. சின்னதுங்களுக்கு வாண்டுமாமா. 12க்கும் 18க்கும் நடுவுல பெரிய ஓட்டை. "பொன்னியின் செல்வன் இருக்கே"ம்பீங்க. 1950ல கல்கியில ஆரம்பிச்ச தொடர் சாமி அது. இன்னும் எத்தனை தலைமுறைக்கு அதையே நீட்டறது?

கிட்டத்துல வந்தது வாத்தியாரோட 'என் இனிய இயந்திரா'தான். எண்பதுகள்ல விகடன்ல தொடரா வந்தது. புருஷன் சிபி காணாமப் போறான், நிலா தேடறா. அப்பாவியா கிளம்பினவ, நாட்டையே ஆளற ஜீவா யாருங்கற கேள்வி வரைக்கும் வந்துடறா. சமீபத்துல உதயசங்கரோட 'ஆதனின் பொம்மை' 2023ல பால சாகித்ய புரஸ்கார் வாங்கிச்சு. சந்தோஷம். ஆனா ஒண்ணு ரெண்டு போதுமா?

திறமை இல்லாம இல்லை. பயம்! மயிலாப்பூர்ல ஒரு பொண்ணு காணாமப் போனா நம்ம முதல் கேள்வியே "யார் கூட?"தான். "ஏன் போனா?"ன்னு கேக்க மாட்டோம். கதையில போனாலும் கடைசி அத்தியாயத்துல அழுதுகிட்டே திரும்பி வந்து அம்மா கால்ல விழணும், நாலு வரி அட்வைஸ் இருக்கணும். இல்லேன்னா பெருசுங்களுக்கு ஜீரணமாகாது. பதினாறு வயசு அந்த அட்வைஸை ஒரு மைலுக்கு முன்னாடியே மோப்பம் பிடிச்சு புத்தகத்தை மூடிடும்.

அறுபத்துமூவர் கூட்டத்துல ஒரு பொண்ணு மறையட்டும். லஸ் பழைய புத்தகக் கடையில ஒரு துப்பு, ரங்கநாதன் தெருவுல ஒண்ணு, திரு.வி.க. பாலத்துல ஒண்ணு. தேடறவளுக்கும் பதினாறு வயசு. போலீஸ் மாமா வேணாம், நீதி வேணாம். யாராவது எழுதுங்கப்பா! பதினாறுல தமிழைத் தொலைச்சவ முப்பதுல திரும்பி வருவாங்கறதுக்கு என்ன கேரண்டி? அப்புறம் தமிழே காணாமப் போச்சுன்னு போஸ்டர் ஒட்டி என்ன புண்ணியம்?

டிஸ்கி: 'என் இனிய இயந்திரா'வைக் குடுத்தேன். ரெண்டே நாள்ல முடிச்சுட்டு, "ஜீனோ சூப்பர். ஆனா நிலா கல்யாணம் ஆனவளாச்சே, சித்தப்பா?"ங்கறா. பதில் வெச்சிருக்கவங்க சொல்லுங்க :-)