அணி வரட்டும், வாசலில் நிற்பவர்களையும் நிற்க விடுங்கள்

அடக்குமுறை அரசு நடக்கும் ஒரு நாட்டிலிருந்து வரும் அணியை நம் மைதானத்தில் ஆட விடலாமா? ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. தமிழர்களுக்கு இது புதுசு இல்லை. 2012 செப்டம்பரிலேயே சென்னையில் இதற்கு ஒரு பதில் சொல்லியாகிவிட்டது. அந்தப் பதில் சரிதானா என்று மட்டும் நாம் இன்னும் உட்கார்ந்து பேசவில்லை.

நடந்தது இதுதான். கொழும்பு ராயல் கல்லூரியின் கால்பந்து அணி சென்னைக்கு வந்தது. நேரு விளையாட்டரங்கில் சுங்கத் துறை அணியோடு ஒரு நட்பு ஆட்டம். விஷயம் வெளியே தெரிந்ததும் முதல்வர் ஜெயலலிதா அணியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். மைதானத்தைக் கொடுத்த அதிகாரியை இடைநீக்கம் செய்தார். இரத்தினபுரியிலிருந்து வந்திருந்த இன்னொரு பள்ளி அணிக்கும் அதே கதிதான். எல்லாரும் பள்ளிக்கூடப் பையன்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது அவர்கள் இன்னும் சின்னப் பிள்ளைகள்.

அதே நாட்களில் குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் இலங்கை ராணுவ அதிகாரிகள் பயிற்சியில் இருந்தார்கள். அவர்களையும் அனுப்பச் சொல்லி முதல்வர் கேட்டார். இலங்கை நட்பு நாடு, பயிற்சி தொடரும் என்று டெல்லி சொல்லிவிட்டது. கடைசியில் ராணுவ அதிகாரிக்கு இடம் இருந்தது, பந்து விளையாட வந்த பையன்தான் ஊருக்குத் திரும்பினான். நம் கை எட்டியது அந்தப் பையன் வரைக்கும்தான்.

அந்தக் கோபம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதை லண்டனில் இருப்பவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். 2009 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் இரவும் பகலும் கிடந்தார்கள். அந்தப் போராட்டம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 21ஆம் தேதி அதே நகரத்தின் லார்ட்ஸ் மைதானத்தில் இலங்கை அணி இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஆடியது. விளையாட்டு உலகம் கண்டுகொள்ளவே இல்லை. 2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. நான்கே நாளில் ஃபிஃபாவும் யுஈஃபாவும் ரஷ்ய அணிகளை வெளியே நிறுத்தின. ஆக, விளையாட்டையும் அரசியலையும் கலக்கக்கூடாது என்ற பேச்சு நடைமுறையில் யாருக்குச் செல்லும், யாருக்குச் செல்லாது என்பது வலுத்தவன் கையில்தான் இருக்கிறது. இதைப் பார்த்த தமிழனுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் கோபம் நியாயமாக இருப்பது மட்டும் போதாது, அது யார்மேல் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2013 மார்ச்சில் லயோலா மாணவர்களின் உண்ணாவிரதத்திலிருந்து தமிழ்நாடெங்கும் போராட்டம் பரவியது. அந்த மாதமே, சென்னையில் நடக்கும் ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆடக்கூடாது என்று முடிவானது. அந்தத் தடைக்குள் முத்தையா முரளிதரனும் வந்தார். மலையகத் தமிழர், சென்னை மாப்பிள்ளை, 2008இலிருந்து மூன்று பருவம் சென்னை அணிக்கே பந்து வீசியவர். அவருடைய அரசியல் பேச்சை விமர்சிக்க ஆயிரம் காரணம் இருக்கலாம், விமர்சியுங்கள். ஆனால் தமிழருக்கு நீதி கேட்டு வந்த ஒரு தடை ஒரு தமிழனை வாசலிலேயே நிறுத்தியது என்றால், எங்கோ கணக்கு தப்பியிருக்கிறது. அதே நேரத்தில் ஐபிஎல் வியாபாரத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. அந்த வீரர்கள் மற்ற ஊர்களில் வழக்கம்போல ஆடினார்கள்.

தென்னாப்பிரிக்காவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நிறவெறி அரசுக்கு எதிரான விளையாட்டுப் புறக்கணிப்பு வேலை செய்தது என்று எல்லாரும் சொல்கிறோம். ஏன் வேலை செய்தது? முதலில், அதைக் கேட்டவர்கள் அந்த நாட்டின் ஒடுக்கப்பட்ட மக்களே. இயல்பான வாழ்க்கை இல்லாத நாட்டில் இயல்பான விளையாட்டு மட்டும் எப்படி இருக்கும் என்று அங்கிருந்த கறுப்பின, இந்திய வம்சாவளி விளையாட்டுக்காரர்களே கேட்டார்கள். அடுத்து, தடை விழுந்தது நிறம் பார்த்து ஆள் எடுத்த தேசிய அணியின்மேல். அணியே அந்தக் குற்றத்தின் ஒரு பகுதியாக இருந்தது. மூன்றாவதாக, புறக்கணித்தவர்கள் தங்கள் கையிலிருந்து விலை கொடுத்தார்கள். 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு இந்தியா வந்தது, எதிரணி தென்னாப்பிரிக்கா. அணியில் சென்னைக்காரர்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்தார்கள். இந்தியா ஆட மறுத்தது, கோப்பை அந்தப் பக்கம் போனது. இன்றுவரை அந்தக் கோப்பை நமக்குக் கிடைக்கவில்லை.

யார் கேட்கிறார்கள், யாரைத் தடுக்கிறோம், யார் விலை கொடுக்கிறார்கள். இந்த மூன்றையும் சென்னை 2012க்குப் பொருத்திப் பாருங்கள். வன்னியில் பிள்ளையைத் தேடும் தாய், கொழும்புப் பள்ளிக்கூடப் பையனைத் திருப்பி அனுப்பச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. அந்தப் பையன் எந்த அரசையும் நடத்தவில்லை. நம் பக்கத்தில் யாரும் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை, வேலைக்கு ஆபத்து வந்த அந்த ஒரு அதிகாரியைத் தவிர.

இதை நான் முசஃபாவிலிருந்து எழுதுகிறேன். அபுதாபியின் ஒர்க்ஷாப்புகளும் கிடங்குகளும் லேபர் கேம்ப்புகளும் நிறைந்த இந்தப் பகுதியில், யார் அடக்குமுறை நாடு என்ற பட்டியல் எழுதுவது அத்தனை லேசு இல்லை. உலகத்தில் பலர் எழுதும் பட்டியலில் நாங்கள் சம்பளம் வாங்கும் நாடும் இருக்கும். இங்கே தொழிற்சங்கம் கிடையாது, ஊர்வலம் கிடையாது. அதே சமயம் என் வீட்டு அடுப்பு எரிவதும் தங்கச்சி கல்யாணம் நடந்ததும் இந்த ஊர்க் காசில்தான். மான்செஸ்டரிலோ லண்டனிலோ வளரும் தம்பி தங்கைகள் போடும் சிட்டி ஜெர்சியில் இருப்பது இந்த ஊர் விமானக் கம்பெனியின் பெயர். 2008இலிருந்து அந்தக் கிளப் அபுதாபி அரச குடும்பத்தவர் ஒருவருக்குச் சொந்தம். நியூகாசிலை 2021இல் சவூதி அரசு நிதியம் முன்னின்று வாங்கியது. ஒரு அணி வந்தால் 90 நிமிஷம் ஆடிவிட்டுப் போய்விடும். முதலீடு அப்படிப் போவதில்லை. விருந்தாளி அணியை வாசலில் தடுக்கச் சொல்லும் ரசிகர், முதலாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டால்தான் அது நேர்மை.

இன்னொன்றும் இங்கே பார்த்தோம். 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பைக் கால்பந்து இந்த நாட்டில் நடந்தது. அப்போது கத்தாரோடு உறவு முறிந்திருந்த நேரம். கத்தாருக்கு அனுதாபமாகச் சமூக வலைத்தளத்தில் எழுதினாலே சிறை என்று 2017இலேயே அறிவித்திருந்தார்கள். ஆனாலும் கத்தார் அணி வந்து ஆடியது, அரையிறுதியில் இந்த நாட்டையே 4-0 என்று வென்றது, கோப்பையையும் கொண்டுபோனது. அணிக்கு இடம் கொடுத்தார்கள், ஆனால் கத்தாரிலிருந்து ரசிகர்கள் வர வழி இல்லை. கேலரியிலிருந்து செருப்பும் பாட்டிலும் பறந்தன. ஆட்டம் நடந்தது, அதில் நட்பு எங்கே இருந்தது?

என்னோடு வேலை பார்க்கும் முல்லைத்தீவு அண்ணனிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். அவருடைய தம்பி 2009இல் காணாமல் போனவர். "டீம் வரட்டும் தம்பி. வந்தா நானும் பார்ப்பன். ஆனா என்ர தம்பி எங்கயெண்டு கேக்க எனக்கு அந்த கேட்டடியில ஒரு இடம் வேணும்" என்றார். எங்கள் கேம்ப்பில் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடும்போது அவர் சிங்களப் பையன்களோடு ஒரே அணியில்தான் ஆடுகிறார். ஆனால் அவர் எதையும் மறந்துவிடவில்லை.

என் நிலைப்பாட்டை அவர் பேச்சிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். பள்ளி அணி, கிளப் அணி, தனி வீரர், இவர்களை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அழைக்கலாம். பாகுபாடு பார்த்து ஆள் எடுக்கும் அணியையும், அரசின் விளம்பரப் பலகையாக வரும் அணியையும் அந்த நாட்டில் அடிபடுகிறவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அழைக்கக்கூடாது. அழைக்கும் கிளப் ஒரு நிபந்தனையை எழுத்தில் ஏற்க வேண்டும்: வாசலில் புகைப்படத்தோடு நிற்கிறவர்களை விரட்டமாட்டோம், கேலரியில் பதாகை பிடித்தவரை இழுத்துப் போடமாட்டோம், வருகிற அணியின் ரசிகர்களுக்கும் ஆபத்தில்லாத இடம் தருவோம். இதை ஏற்காத கிளப் அணியை அழைக்கவே வேண்டாம்.

1975இல் லண்டன் ஓவல் மைதானத்தில் இலங்கை ஆடியபோது தமிழர்கள் உள்ளே இறங்கிக் குரல் கொடுத்தார்கள். 2013இல் கார்டிஃபிலும் அப்படித்தான். ஆட்டம் நடந்ததால்தான் அந்தக் குரல் கேமராவில் விழுந்தது. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் பிள்ளைகளின் படத்தோடு தெருவில் உட்கார்ந்த தாய்மாருக்கு அப்படி ஒரு கேமரா கிடைப்பது அபூர்வம். நீங்கள் இருக்கும் ஊரில் உங்களுக்குக் கத்த உரிமை இருக்கிறது. எனக்கு இங்கே அது இல்லை. அடுத்த முறை உங்கள் ஊர் மைதானத்துக்கு அப்படி ஒரு அணி வந்தால், கிளப்புக்கு முதல் கடிதம் உங்களிடமிருந்து போகட்டும். அதில் ஆட்டத்தை ரத்து செய்யச் சொல்வதற்கு முன்னால், வாசலில் இடம் கேளுங்கள்.