கேஸ் தீர்ந்து போச்சா, யார் சொன்னது?

செமஸ்டர் முடிந்து காயல்பட்டினம் வந்து இறங்கிய அன்றைக்கே எங்கள் வீட்டு ஏசி மக்கர் பண்ணியது. காற்று வருகிறது, குளிர் இல்லை. உம்மா உடனே, "கேஸ் தீந்திருக்கும், ஏசிக்காரரைக் கூப்பிடு" என்றார்கள். விசாரித்தால், மூன்று வருடமாக வருடத்துக்கு ஒரு தடவை கேஸ் அடித்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் மூவாயிரத்துக்குக் குறையாமல். வாப்பா வெளிநாட்டில் வேர்த்து அனுப்பும் காசு, நாங்கள் இங்கே வேர்க்காமல் இருப்பதற்கு!

எனக்கு அங்கேதான் இடித்தது. ஏசி கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீருவதற்கு? ஃபிரிட்ஜுக்கு வருடா வருடம் கேஸ் அடிக்கிறோமா? இரண்டும் ஒரே தத்துவம்தான். மூடிய குழாய்க்குள் அதே கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் ஆவியாகிச் சூட்டை வாங்கும், வெளியே போய் அதைக் கொட்டிவிட்டுத் திரவமாகித் திரும்பும். அது குறைந்தால் எங்கேயோ லீக் என்று அர்த்தம். லீக்கை அடைக்காமல் கேஸ் அடிப்பது, பஞ்சரான டியூபுக்குக் காற்றடிக்கிற கதை.

அதற்கும் முன்னால், குளிராததற்கெல்லாம் கேஸ் காரணமும் இல்லை. முன்மூடியைத் திறந்து ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டு ஃபில்டர் கம்பளி விரித்த மாதிரி இருந்தது. காற்று போகாவிட்டால் உள்ளே காயிலில் ஐஸ் கட்டும், அது உருகி வீட்டுக்குள் சொட்டும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் சொட்டினால், பெரும்பாலும் தண்ணீர் வெளியேறும் குழாயில் பாசி அடைத்திருக்கும்.

ராத்திரி நன்றாகக் குளிர்ந்து மத்தியானம் மட்டும் படுத்துவிடுகிறதா? அப்படியானால் அவுட்டோர் யூனிட் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். நம் ஊரில் நிறைய வீடுகளில் முடுக்கில்தான் மாட்டியிருக்கிறோம். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய முடுக்கு! அது கக்கும் அனல் எதிர்ச் சுவரில் மோதி அதன் மேலேயே திரும்பி வரும். வெயில் நேரத்தில் கம்ப்ரசர் தாங்காமல் நின்றுவிடும். அந்த வழியாக நடக்கிற பெண்கள் என்ன பாவம் செய்தார்கள் என்பது தனிக் கேள்வி. மொட்டைமாடிதான் நல்லது. தரை வேண்டவே வேண்டாம், 2023 டிசம்பரில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டிய ஊர் இது.

இதையெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை. ஏசிக்காரர் வந்தார், வந்ததும் சிலிண்டரைத் திறக்கப் போனார். "காக்கா, முதல்ல லீக்கைப் பாருங்களேன்" என்றேன். சிரித்தார். "தேடுறதுக்கு அரை நாள் ஆகும் தம்பி. கேஸுக்குக் காசு தருவாங்க, தேடுறதுக்கு யாரு தருவா?"

நியாயமான கேள்வி. அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? தேடுகிற கூலியைத் தருகிறேன் என்றேன். சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தார். அவுட்டோர் யூனிட்டில் பச்சையேறிக் கிடந்த நட்டுப் பக்கம் குமிழ் குமிழாகக் கிளம்பியது. மூன்று வருடக் காசு அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. காசு மட்டுமா, அந்த ஆர்-32 கேஸ் 100 வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 675 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

கடற்கரை ஊரில் இது அதிசயமில்லை. உப்புக் காற்று செம்பை அரிக்கும், அலுமினியத் தகடுகளை வெள்ளைப் பொடியாக்கும். மாதம் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு அவுட்டோர் யூனிட்டை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவினாலே ஆயுசு கூடும். புதிதாக வாங்குகிறவர்கள் காயிலுக்குத் துருத்தடுப்புப் பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து, நைட்ரஜன் அடித்துச் சோதித்து, வேக்குவம் போட்டு, யூனிட்டில் ஒட்டியிருந்த அளவுப்படி எடைபோட்டுக் கேஸ் ஏற்றினார். வழக்கத்தைவிட ஆயிரத்து ஐநூறு அதிகம். உம்மாவுக்கு இன்னும் அது வருத்தம்தான்.

நேற்று பெரியும்மா வீட்டிலிருந்து போன். அங்கேயும் "கேஸ் தீந்து போச்சாம்". சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டிருக்கிறேன்.