தலைப்பை மட்டும் வாசிப்பவர்கள்

ஒரே தலைப்பில் பல ராக் பாடல்கள் இருப்பதைக் கற்பனை வறட்சிக்குச் சான்றாகக் காட்டும் போக்கு ஒன்று இசை ரசிகர்களிடையே வேரூன்றியிருக்கிறது. ‘இந்தப் பெயரில் முன்பே ஒரு பாட்டு உண்டே’ என்று சொல்லிவிட்டால் விமர்சனக் கடமை தீர்ந்தது என்பது இவர்களது எண்ணம். பாடலைக் கேட்காமலேயே தீர்ப்பெழுதும் இந்தச் சோம்பலை நாம் முற்றாக மறுக்கிறோம்.

‘ஒன்’ என்ற தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இதைவிட எளிய சொல் கிடைப்பது அரிது. ஹாரி நில்சன் 1968இல் ‘ஏரியல் பாலே’ தொகுப்பில் இப்பெயரில் ஒரு பாடலை வெளியிட்டார். தொலைபேசியில் எதிர்முனை பேசிக்கொண்டிருக்கிறது என்று அறிவிக்கும் ஒலியைக் கேட்டபடியே அவர் அதை எழுதியதாகச் சொல்லப்படுகிறது. யாரையோ அழைத்து, பதில் கிடைக்காதவனின் தனிமை அது. மறுவருடம் த்ரீ டாக் நைட் குழு அதைப் பாட, அமெரிக்கத் தரவரிசையில் 5ஆம் இடம் வரை சென்றது.

மெட்டாலிகாவின் ‘ஒன்’ 1988இல் வந்தது. டால்டன் ட்ரம்போவின் 1939ஆம் ஆண்டு நாவலான ‘ஜானி காட் ஹிஸ் கன்’ அதன் பின்னணி. முதல் உலகப் போரில் கை, கால், பார்வை, கேள்வி, பேச்சு அனைத்தையும் இழந்து, மனம் மட்டும் விழித்திருக்கும் ஒரு சிப்பாயின் கதை. மென்மையான கிதாரில் தொடங்கும் ஏழு நிமிடத்திற்கும் மேற்பட்ட அப்பாடல், இறுதிப் பகுதியில் இயந்திரத் துப்பாக்கியென அதிரும் முரசொலியாக மாறுகிறது. இங்கே தனிமை என்பது பதில் வராத அழைப்பன்று. அழைக்கவே வழியற்ற உடல்.

யு2 குழுவினரின் ‘ஒன்’ 1991இல் ‘அக்டுங் பேபி’ தொகுப்பில் வெளிவந்தது. ஜெர்மனி ஒன்றிணைந்த 1990ஆம் ஆண்டின் இறுதியில், பெர்லினின் ஹான்சா ஒலிப்பதிவுக்கூடத்தில், குழுவே உடைந்துவிடும் என்ற நிலையில் பிறந்த பாடல் அது. உறவின் முறிவை நோக்கி நிற்பவர்களின் கசப்பும் இறைஞ்சலும் அதில் கலந்திருக்கின்றன.

இம்மூன்று தலைப்புகளையும் தமிழில் பெயர்த்துப் பாருங்கள். நில்சனுக்கு ‘ஒற்றை’ பொருந்தும். மெட்டாலிகாவுக்கு ‘ஒருவன்’ வேண்டும். யு2வுக்கு ‘ஒருமை’ என்பதைத் தவிர வேறு சொல் நமக்குத் தோன்றவில்லை. தமிழில் மூன்று சொற்களைக் கோரும் படைப்புகளை ஒரே பெயர் கொண்ட மறுபதிப்புகள் என்று எப்படி ஒதுக்குவது?

‘வேறு பெயர் வைத்திருக்கலாமே, குழப்பமாவது குறைந்திருக்கும்’ என்பார்கள். தேடுகிறவருக்கு வேறு பாடல் கையில் சிக்கும் என்பது உண்மைதான். அது கடைக்காரரின் சங்கடம், கலைஞரின் குற்றமாகாது. தலைப்புக்கு மட்டும் அமெரிக்கச் சட்டம் பதிப்புரிமை வழங்குவதில்லை. பொதுச் சொல் எவர் வீட்டுச் சொத்துமில்லை என்ற நியாயம் சட்டத்துக்குப் புரிந்திருக்கிறது. நம் ரசிகமணிகளுக்குத்தான் புரியவில்லை. தலைப்பைச் சோம்பலில் இரவல் வாங்கியவர்களும் இருக்கலாம். ஆனால் அந்தச் சோம்பலைப் பாடலுக்குள் காட்டி நிறுவ வேண்டும். பெயர்ப்பலகையைக் காட்டி நிறுவ முடியாது.

தலைப்போடு நின்றுவிடும் வாசிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் இதே பாடல் சாட்சி. யு2வின் ‘ஒன்’ மேலை நாட்டுத் திருமணங்களில் விரும்பி ஒலிக்கவிடப்படுகிறது. பிரிவின் விளிம்பில் எழுந்த குரலை மணமக்களுக்கு வாழ்த்தாக அளிக்கிறார்கள்! பெயரில் ஒருமையைக் கண்டவர்கள், பாட்டில் உள்ள விரிசலைக் கேட்கவில்லை. ஒரே பெயர் என்று பழிப்பவர்களும் பெயரை நம்பி மணவீட்டில் ஒலிக்கவிடுபவர்களும் செய்வது ஒரே பிழையே. இரு சாராரும் வாசலில் நின்று வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மூன்று பாடல்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதன் பிறகும் ‘அதே தலைப்புதானே’ என்று சொல்ல ஒருவரால் முடியுமானால், அவரோடு விவாதிக்க நம்மிடம் ஏதுமில்லை.