நுரையீரலும் உயிர்ச்சத்தும்

கொருக்குப்பேட்டையில் சரக்கு இரயில்களும் லாரிகளும் இடைவிடாது இயங்குகின்றன. அயலிலுள்ள கொடுங்கையூர்க் குப்பைமேடு தீப்பற்றும் நாள்களில் அப்புகையும் வந்து சூழும். மூச்சிரைப்பால் வருந்தும் முதியோர் அங்கே அரியரல்லர். வைட்டமின் ஏ மாத்திரையை உண்டால் கெட்ட நுரையீரல் மீண்டும் வளரும் என்று அன்னோர்க்குச் சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். இக்கூற்றின் மெய்ம்மையை ஆராய்தல் கற்போர் கடனாகும்.

இஃது அடியோடு கட்டுக்கதையன்று. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சிதைந்து, பல ஒன்றாகிப் பெருத்துவிடும் நோயை எம்ஃபிசீமா என்பர். அமெரிக்காவின் மசாரோ தம்பதியர் இந்நோயை எலிகளிடத்தே செயற்கையாக உண்டாக்கி, வைட்டமின் ஏ-யிலிருந்து பிறக்கும் ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்தனர். சிதைந்த காற்றறைகள் சீர்பெற்றன என 1997-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர்.

ஆயின், எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்கவில்லை. 148 நோயாளரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. திட்டமான பயன் யாதும் காணப்படவில்லை. இதனினும் அஞ்சத்தக்க செய்தி ஒன்றுண்டு. புகைபிடிப்போர்க்கும் கல்நார்த் தொழிலாளர்க்கும் பீட்டா காரோட்டீனையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்த பெருஞ்சோதனையொன்று அமெரிக்காவில் 1996-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மருந்துண்டவரிடையே நுரையீரற் புற்றுநோய் நூற்றுக்கு 28 பங்கு மிகுந்திருந்ததே காரணம்.

அங்ஙனமாயின் இவ்வுயிர்ச்சத்து வீணோ? அன்று. நம் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் 15,419 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 1990-இல் வெளிவந்தது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே மரணம் நூற்றுக்கு 54 பங்கு குறைந்தது. எனினும் அவர்களுக்கு மூச்சுநோய் வருவது குறையவில்லை. உணவிற் குறையுற்ற உடலை இச்சத்து நிறைவு செய்யும். சிதைந்த நுரையீரலைக் கட்டித் தருமென்பதற்கு இன்றளவும் சான்றில்லை என்பதே நாம் கொள்ளும் பாடம். அளவு மிஞ்சினாலோ ஈரலுக்குக் கேடு. கருவுற்ற தாயின் சிசுவுக்கும் ஊனம் நேரும்.

ஆகவே, மாணவர்காள், முருங்கைக்கீரையும் பப்பாளியும் வீட்டில் உண்ணப்படுக. பீடியும் சிகரெட்டும் கைவிடப்படுக. மூச்சிரைப்புள்ள பெரியோரை மாத்திரைக் கடைக்கன்று, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இவையெல்லாம் தனிமனிதர் செய்யத்தக்கவை. புகையைத் தடுக்கும் பொறுப்போ ஆலையையும் நகராட்சியையும் அரசையும் சார்ந்தது. நுரையீரலை வளர்க்கும் மருந்து என்றேனும் வரலாம். அதுவரை நாம் வேண்டிப்பெற வேண்டியது தூய காற்றேயாம். வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவு.