தோட்டக்காரன் என்னும் சொல்

மருத்துவர், பொறியாளர், ஆசிரியர், வழக்கறிஞர் என்றெல்லாம் எழுதும் நம் கை, செடிகொடிகளிடையே உழைப்பவரைக் குறிக்க நேர்ந்தால் மட்டும் ‘தோட்டக்காரன்’ என்று எழுதிவிடுகின்றது. இலக்கணம் கற்பிக்கும் துறையினராகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். ஒரு விகுதியில் என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். ஒரு தொழிலைப் பற்றிய நம் மதிப்பீடு முழுவதும் அந்த விகுதிக்குள் அடங்கிக் கிடக்கின்றது என்பதே என் கருத்து.

இத்தொழிலுக்கு நம் மண்ணில் வரலாறு இல்லாமல் இல்லை. கோயில் நந்தவனங்களைப் பேணுவதற்கென்றே நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. திருவில்லிபுத்தூரில் நந்தவனம் வளர்த்தவர் ஆழ்வாராகவே போற்றப்பட்டார். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் பூந்தோட்டம் 1756ஆம் ஆண்டில் திருவேங்கடகிருஷ்ண முதலியார் அமைத்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1760இல், மைசூரை ஆண்ட ஹைதர் அலி பெங்களூரில் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். அவர் மைந்தர் திப்பு சுல்தான் கடல் கடந்த நாடுகளிலிருந்தெல்லாம் விதைகளையும் கன்றுகளையும் தருவித்து அதனை வளர்த்தார். பெங்களூர்ப் பகுதியில் வழிவழியாகத் தோட்டத்தொழில் செய்துவரும் திகளர் குடியினர் தமிழகத்திலிருந்து சென்றவர்கள் என்பர். அரசர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. மண்வெட்டி பிடித்த அந்தத் தமிழர்களில் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா?

லால்பாக்கின் பிற்கால வரலாற்றில் ஒரு தோட்டக்கலைஞரின் பெயர் நிலைத்து நிற்கின்றது. செருமனியில் 1865இல் பிறந்த குரும்பிகல், இலண்டன் கியூ தோட்டத்தில் பணியாற்றி, பரோடா வழியாக 1908இல் பெங்களூர் வந்து சேர்ந்தார். ஒரு தெருவின் மரங்கள் பூத்து ஓயும்போது மற்றொரு தெருவின் மரங்கள் பூக்கத் தொடங்குமாறு நகர வீதிகளுக்கு மரங்களைத் தேர்ந்தவர் அவர். அவருக்குத் துணை நின்றவர் 1926 முதல் 1941 வரை மைசூர்த் திவானாக விளங்கிய சர் மிர்சா இஸ்மாயில். கண்ணம்பாடி அணையின் கீழுள்ள பிருந்தாவனத் தோட்டம் மிர்சாவின் ஆர்வத்தால் எழுந்ததே. நிர்வாகிக்குச் செடியின் அருமை தெரிந்திருந்தால் என்ன நிகழும் என்பதற்கு அதுவே சான்று.

நம் காலத்துக்கு வருவோம். தில்லியில் நிலவடிவமைப்புக் கலையைக் கற்பித்த பேராசிரியர் முகம்மது ஷாஹீரை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? ஹுமாயூன் கல்லறையின் நாற்பகுப்புத் தோட்டம் சீரமைக்கப்பட்டு, நெடுங்காலம் வறண்டு கிடந்த அதன் ஓடைகளில் 2003இல் மீண்டும் நீர் ஓடியபோது, அப்பணியில் அவர் அறிவும் கலந்திருந்தது. அதனையடுத்துள்ள சுந்தர் நர்சரி, ஆங்கிலேயர் காலத்தில் புதுதில்லிக்கு மரக்கன்று வளர்த்த நாற்றுப் பண்ணை. பழைய மரங்களைக் காத்துக்கொண்டே அதனை மக்கள் பூங்காவாக வடிவமைத்தார் அவர். 2015இல் மறைந்துவிட்டதால், 2018இல் அது திறக்கப்பட்டதைக் காணவில்லை. தாம் வைத்த மரத்தின் முழு நிழலைத் தாமே அனுபவிப்பது இத்தொழிலில் எவருக்கும் வாய்ப்பதில்லை போலும். ‘ஜன்னத்’ என்னும் அரபுச் சொல்லுக்கே தோட்டம் என்பதுதான் பொருள். சுவனத்தைத் தோட்டமாகக் காணும் சமுதாயம் தோட்டம் அமைப்பவரைக் கடைநிலை ஊழியராகக் காண்பது எனக்கு விளங்காத புதிர்.

பாளையங்கோட்டைப் பக்கத்து நிறுவனம் ஒன்றில் நான் கண்டதைச் சொல்லுகின்றேன். புதுக்கட்டடத்தின் முகப்பை அழகுபடுத்த வெளியூர் ஒப்பந்தக்காரர் வந்தார். மேற்கே வரிசையாக நின்ற புங்கமும் வேம்பும் வெட்டப்பட்டன. லாரியில் வந்த புல் விரிக்கப்பட்டது. எஞ்சிய இடத்தில் சிமெண்டுக் கல் பதித்தனர். அங்கே இருபதாண்டுகளுக்கு மேல் பணிசெய்த தோட்டக்காரப் பெரியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஆனி ஆடிக் காத்து அந்தப் பக்கமாத்தான் சார் வரும், மரம் இல்லேன்னா ஒண்ணும் நிக்காது” என்று என்னிடம் மட்டும் சொன்னார். கணவாய் வழியே வரும் அந்த வறண்ட காற்று இரண்டே கோடையில் புல்லைத் தீய்த்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களின் பெருமழையில் அதே கல் முற்றம் நீரை உறிஞ்ச வழியின்றிக் குளமாகி நின்றது. எந்த நிலத்தில் எது நிற்கும், நீர் எவ்வழி வடியும் என்று அறிவதுதானே நிலவடிவமைப்பு? அப்பெரியவரிடம் அந்த அறிவு இருந்தது, பட்டம்தான் இல்லை.

பட்டம் வேண்டுவோர்க்கும் வழி உண்டு. தாமிரபரணிப் பாசனப் பகுதியிலேயே கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கின்றது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கின்றது. கட்டடக்கலை பயின்றோர் நிலவடிவமைப்பில் முதுநிலை பயிலலாம். நாற்றுப் பண்ணை வைப்போர்க்கு எவர் தயவும் வேண்டுவதில்லை. எனினும், “படித்துவிட்டு மண்வெட்டியா பிடிப்பாய்?” என்று கேட்கும் பெற்றோரை நான் அறிவேன். வளைகுடா நாடுகளின் பாலைநிலத்தில் சாலையோரச் செடிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் பதித்து ஊருக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் நம் ஊர்களிலிருந்து சென்றவர்களே. அங்கே செய்தால் வேலை, இங்கே செய்தால் இழிவு என்பது என்ன கணக்கோ!

நம் துறைக்கு ஒரு வேண்டுகோள். பாத்தி, மடை, பதியம், ஒட்டு, கவாத்து என்று தோட்டத் தொழிலுக்கென ஒரு சொற்களஞ்சியமே நம் வட்டாரத்தில் வழங்குகின்றது. கொடைமேலழகியான் கால் தொடங்கி மருதூர்க் கால் வரை, ஊருக்கு ஊர் அது சிறிது மாறவும் கூடும். வரும் கல்வியாண்டில் மாணவர்கள் குழுவாகச் சென்று, தோட்டத்தில் உழைக்கும் முதியவர்களைக் கண்டு இச்சொற்களைத் தொகுக்கலாம். சொன்னவர் பெயரையும் உடன் எழுதலாம். முதல் செவ்வியை நம் கல்லூரி வளாகத்திலேயே தொடங்கலாம். காலை ஆறு மணிக்கே அவர் வந்துவிடுகின்றார்.